வாட்ஸப்பா, டெலிகிராமா, டிஸ்கார்டா: உங்கள் கூட்டத்தை எங்கே கூட்டுவது?

ஒரு விளையாட்டையோ பொழுதுபோக்கையோ சேர்ந்து செய்ய நாலு பேர் கிடைத்துவிட்டால் போதும், யாராவது ஒருவர் "க்ரூப் ஆரம்பிச்சுடலாமா?" என்று கேட்டுவிடுவார். ஆரம்பிக்க ஒரு நிமிடம் ஆகும். எங்கே ஆரம்பிக்கிறோம் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. கையில் இருக்கிற வாட்ஸப்பிலேயே தொடங்கிவிடுகிறோம், அப்புறம் நூறு பேர் சேர்ந்த பிறகு இடம் மாற்றலாமா வேண்டாமா என்று அதே க்ரூப்பில் வாரக்கணக்கில் வாக்குவாதம் நடக்கும். நான் ஒரு பறவை பார்க்கும் குழுவில் இருக்கிறேன், இரவானால் பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) ஆடுகிற ஒரு கூட்டத்திலும் இருக்கிறேன். இந்த இரண்டுக்கும் ஒரே செயலி சரிப்படாது. ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கும், மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எனக்குத் தெரிந்த வேறுபாடுகளை எழுதுகிறேன்.

எந்தச் செயலியில் வசதி அதிகம் என்று கேட்டால் பட்டியல்தான் மிஞ்சும். வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்: புதிதாக ஒருவர் இன்று உள்ளே வருகிறார், முதல் அரை மணி நேரத்தில் அவர் கண்ணில் என்ன படும்? அவரால் கூச்சமில்லாமல் ஒரு கேள்வி கேட்க முடியுமா? போன வருடம் யாரோ கேட்ட அதே கேள்விக்கு வந்த பதிலை அவராகவே கண்டுபிடிக்க முடியுமா? ஆட்களைச் சேர்ப்பது சுலபம், லிங்க்கை நாலு இடத்தில் போட்டால் வந்துவிடுவார்கள். வந்தவர்கள் தங்குகிறார்களா என்பதை இந்த அரை மணி நேரம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

விளையாட்டுக்காரர்களிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே விடை கிட்டத்தட்ட தெளிவு.

2015க்கு முன்னால் கணினியில் சேர்ந்து ஆடியவர்களுக்குப் பேசிக்கொள்ள இருந்த வழிகள் டீம்ஸ்பீக், வென்ட்ரிலோ, மம்பிள், இல்லையென்றால் ஸ்கைப். முதல் மூன்றுக்கும் யாராவது ஒருவர் சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டும் அல்லது தன் கணினியிலேயே ஓட்ட வேண்டும். ஸ்கைப் இலவசம்தான், ஆனால் அதில் ஒருவருடைய ஐபி முகவரியை, அதாவது அவருடைய இணைய இணைப்பின் முகவரியை, கண்டுபிடிக்க வழி இருந்தது, ஆட்டத்தில் தோற்ற கோபத்தில் எதிராளியின் இணைப்பையே தாக்கித் துண்டிக்கிற ஆட்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அப்போது ஜேசன் சிட்ரனும் ஸ்டானிஸ்லாவ் விஷ்நெவ்ஸ்கியும் 'ஃபேட்ஸ் ஃபாரெவர்' என்ற ஆட்டம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆட்டம் ஓடவில்லை. சேர்ந்து ஆடுபவர்கள் பேசிக்கொள்வதற்கு நல்ல வழி இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதைச் சரிசெய்யப் போய் 2015 மே மாதம் வெளிவந்ததுதான் டிஸ்கார்ட். வாடகை கிடையாது, குரல் அவர்களுடைய சர்வர் வழியாகப் போவதால் கூட ஆடுபவருக்கு உங்கள் ஐபி தெரியாது. ஆட்டக்காரர்கள் அங்கே போனதற்கு இந்த இரண்டு காரணமே போதும்.

ஆனால் போனவர்கள் அங்கேயே தங்கியதற்குக் காரணம் குரல் அறை என்று நினைக்கிறேன். வாட்ஸப்பில் குழு அழைப்பு போட்டால் எல்லார் போனும் அடிக்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், தூங்குபவர், அலுவலகத்தில் இருப்பவர் எல்லாரும் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். டிஸ்கார்டில் குரல் அறை எப்போதும் திறந்தே கிடக்கும், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் தெரியும். டீக்கடை பெஞ்சில் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போய் உட்காருகிற மாதிரி. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் யாருக்கும் மறுப்புச் சொல்லவும் இல்லை. இரவு பத்து மணிக்கு செயலியைத் திறந்தால் ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், நாம் போனால் மூன்று, அடுத்த பத்து நிமிடத்தில் ஸ்குவாடு நிறைந்துவிடும். பழகாத ஆளோடு பழகுவதற்கு இதைவிட இலகுவான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. இப்போது டெலிகிராமிலும் வாட்ஸப்பிலும் மணியடிக்காமல் சேர்ந்துகொள்ளும் குரல் அரட்டை வந்துவிட்டது, ஆனால் ஒரு க்ரூப்புக்கு ஒன்றுதான். டிஸ்கார்டில் ஒரே சர்வருக்குள் (அங்கே ஒரு கூட்டத்துக்கான இடத்தைச் சர்வர் என்றுதான் சொல்வார்கள்) தனித்தனி அறைகள் வைக்கலாம்: ஒன்றில் ரேங்க் ஏறுகிறவர்கள், ஒன்றில் சும்மா அரட்டை, ஒன்றில் ஆடாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

அடுத்து ஸ்கிரிம். பிஜிஎம்ஐ ஆடுபவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பல அணிகள் சேர்ந்து தனி ரூம் போட்டு ஆடுகிற பயிற்சி ஆட்டம் இது. எர்ராங்கல் என்ற மேப்பில் நூறு பேர், நாலு நாலு பேராக 25 அணிகள். ரூம் திறந்ததும் ஐடியும் பாஸ்வேர்டும் பதிவு செய்த அணிகளுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும், அதுவும் ஆட்டம் தொடங்குவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால். வாட்ஸப் க்ரூப்பில் ஐடி-பாஸ் போட்டால் முந்நூறு பேரும் பார்ப்பார்கள், பதிவு செய்யாத அணி ஒன்று உள்ளே புகுந்து உட்கார்ந்துவிடும், பதிவு செய்தவர்கள் வெளியே நிற்பார்கள், பிறகு யாரை வெளியேற்றுவது என்று ஆட்டமே தள்ளிப்போகும். டிஸ்கார்டில் இதை ரோல், அதாவது உறுப்பினருக்குக் கொடுக்கிற ஓர் அடையாளம், வைத்து முடித்துவிடலாம். பதிவுக்கென்று வைத்த சேனலில் (சர்வருக்குள் இருக்கிற தனிப் பகுதி) அணியின் பெயரைப் போட்டு நாலு பேரையும் டேக் செய்தால், பாட் என்கிற தானியங்கி நிரல் அதைச் சரிபார்த்து ஒரு டிக் போட்டு, அவர்களுக்கு அன்றைய ரோலைக் கொடுக்கும். அந்த ரோல் உள்ளவர்கள் கண்ணுக்கு மட்டும் ஐடி-பாஸ் சேனல் தெரியும். ஆட்டம் முடிந்ததும் ரோலை எடுத்துவிடலாம். கூடப் படிக்கிற பையன்கள் ரெண்டு பேர் சேர்ந்து தினமும் ஸ்கிரிம் நடத்துகிறார்கள் என்றால் இந்த ஏற்பாட்டால்தான்.

மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துபவர்களுக்கும் இப்படி ஒரு வசதி இருக்கிறது. டிஸ்கார்ட்எஸ்ஆர்வி என்ற ப்ளகின் போட்டால் ஆட்டத்துக்குள் நடக்கிற பேச்சு டிஸ்கார்ட் சேனலிலும் வரும், அங்கே தட்டியது ஆட்டத்துக்குள்ளும் வரும். வீட்டில் கணினியைத் தொட அனுமதி கிடைக்காத பிள்ளை போனிலிருந்தே "என் ஆட்டுக்குட்டிகளுக்குத் தீனி போட்டீங்களா?" என்று கேட்கலாம்.

ஆட்டத்துக்கு வெளியே இப்படி ஓர் இடம் இருக்கத்தான் வேண்டுமா, ஆட்டத்துக்குள்ளேயே நண்பர் பட்டியல் இருக்கிறதே என்பவர்களுக்கு நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை இந்தியாவில் தடை செய்தார்கள். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தது, 2022 ஜூலையில் அதுவும் ஆப் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டது, 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற ஆட்டமும் போனது. ஆட்டத்துக்குள் மட்டுமே தெரிந்தவர்களை ஆட்டம் போனதும் எங்கே போய்த் தேடுவது? பட்டப்பெயர் மட்டும்தான் தெரியும், அதுவும் நட்சத்திரக் குறிகளோடு. வெளியே ஒரு இடம் இருந்தவர்கள் வேறு ஆட்டம் ஆடிக்கொண்டு ஒன்றாகவே இருந்தார்கள். ஆட்டம் எதுவானாலும் கூட்டத்துக்கு ஆட்டத்துக்கு வெளியே ஒரு வீடு வேண்டும், இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

சரி, பறவைக்காரர்களுக்கு வருவோம். இங்கே கதை வேறு. குழுவில் பதினாறு வயதுப் பையனும் இருப்பான், பணி ஓய்வு பெற்ற வங்கி மேலாளரும் இருப்பார், அவருக்கு டிஸ்கார்ட் என்றால் என்னவென்றே தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. விடிகாலை ஐந்தரைக்குப் பள்ளிக்கரணையில் எந்தப் பக்கம் சந்திப்பது என்று அவருக்குச் சேதி போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வாட்ஸப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. எல்லார் போனிலும் ஏற்கெனவே இருக்கிறது, இருக்கும் இடத்தை அனுப்பலாம், "வந்துட்டேன் சார், கேட் பக்கத்துல நிக்கிறேன்" என்று குரல் பதிவு போடலாம். க்ரூப்புக்கு 1024 பேர் என்ற வரம்பு உள்ளூர்க் குழு எதற்கும் தாராளம்.

தகராறு எங்கே வருகிறது என்றால் நினைவாற்றலில். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் வாக்கில் ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து வலசை வரும். வந்த களைப்பில் வீட்டு மாடியிலோ கார் நிறுத்துமிடத்திலோ சோர்ந்து உட்கார்ந்துவிடும். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. பார்க்கிறவர் திகைத்துப்போய்ப் படம் எடுத்து க்ரூப்பில் போட்டு, இது என்ன பறவை, என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார். யாராவது ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதுவார்: காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள், வாயில் தண்ணீரோ சோறோ திணிக்காதீர்கள், பூனை, காக்கை அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிடுங்கள், வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம். அருமையான பதில். மறுநாள் காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் அதன் மேல் வந்து விழும், அடுத்த வாரம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார். புதிதாகச் சேர்ந்தவருக்கு முழுப் பழைய பேச்சும் கிடைக்காது, கிடைத்தாலும் தேட வேண்டிய சொல் தெரியாது. ஒருவர் ஆறுமணிக்குருவி என்று எழுதியிருப்பார், ஒருவர் தோட்டக்கள்ளன் என்று, ஒருவர் பிட்டா என்று, ஒருவர் அதையே தங்கிலீஷில். மூன்றாவது வருடம் பதில் சொல்பவரே சலித்துப்போய் வாயை மூடிக்கொள்வார். குழுக்கள் அடங்கிப்போவதைப் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன்.

இங்கேதான் டெலிகிராமைச் சொல்ல வேண்டும், தமிழ் வட்டாரங்களில் படம் இறக்குகிற இடம் என்று மட்டுமே பெயர் வாங்கிவிட்டதால் இதை யாரும் பரிசீலிப்பதே இல்லை. பழைய பேச்சைப் புதியவரும் படிக்கும்படி க்ரூப்பை வைக்கலாம். 2022 நவம்பரில் வந்த டாபிக்ஸ் வசதியைப் போட்டால் ஒரே க்ரூப் பல பகுதிகளாகப் பிரியும்: 'இது என்ன பறவை', 'ஞாயிறு நடை', 'காயம்பட்ட பறவை', 'கேமரா'. காலை வணக்கத்துக்கும் ஒரு பகுதி வைத்துவிடுங்கள், அதுவும் சிலருக்கு வேண்டியிருக்கிறது. 'காயம்பட்ட பறவை' பகுதியில் மேலே சொன்ன பதிலை எப்போதும் உச்சியில் நிற்கும்படி 'பின்' செய்து, அதில் பறவையின் எல்லாப் பெயர்களையும் எழுதிவைத்தால் எப்படித் தேடினாலும் மாட்டும். கோப்பு ஒன்றுக்கு 2 ஜிபி வரை இலவசம், கோப்பாக அனுப்பினால் படத்தைக் கசக்காது. கதிர்க்குருவிகளை இறகின் நுணுக்கம் பார்த்துத்தான் அடையாளம் சொல்ல முடியும், கசங்கிய படத்தை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. க்ரூப்பில் இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம் என்றாலும் அந்த எண் நமக்கு எதற்கு.

அப்புறம் போன் நம்பர். இதை ஏன் யாரும் முதல் கேள்வியாக வைப்பதில்லை என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். வாட்ஸப் க்ரூப்பில் சேர்ந்த நிமிடமே நம் எண் அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். நாலு தெரிந்தவர்கள் இருக்கிற க்ரூப்பில் பரவாயில்லை. பொதுவில் லிங்க் போட்டு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நடத்துகிற க்ரூப்பில், ஒரு பெண் தேன்சிட்டுப் படம் ஒன்றைப் போட்டாலே அன்று ராத்திரி "ஹாய், நைஸ் பிக்" என்று தனியாகச் சேதி வருகிறது. அவர் எதுவும் சொல்லாமல் வெளியேறிவிடுவார், அட்மினுக்கு ஏன் என்றே தெரியாது. டெலிகிராமில் எண்ணை யாருக்கும் காட்டாமல் மறைக்கலாம், அந்த அமைப்பை எப்படிப் போடுவது என்று வரவேற்புச் சேதியிலேயே சொல்லிவிடுங்கள். டிஸ்கார்டில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் எண் தெரியும் வழியே இல்லை. சிறுவர்களும் பெண்களும் வர வேண்டும் என்று நினைக்கிற எந்தத் திறந்த குழுவும் வெறும் வாட்ஸப்பில் இருக்கக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.

டிஸ்கார்டைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், குறைகளையும் சொல்ல வேண்டும். முதல்முறை திறப்பவருக்கு அது திருவிழாக் கூட்டத்தில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். இடப்பக்கம் சர்வர்கள், அதற்குள் சேனல்கள், அதற்குள் த்ரெட்கள், ஒவ்வொன்றிலும் சிவப்புப் புள்ளி. பழைய போன்களில் மெதுவாகத்தான் ஓடுகிறது. காசு கட்டாதவர்களுக்குக் கோப்பு 10 எம்பிதான், ஒரு காலத்தில் 25 இருந்தது, 2024இல் குறைத்துவிட்டார்கள். எழுதுகிற செய்திகள் முழுமறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்படுவதில்லை, குரலுக்கும் காணொளிக்கும் மட்டும் 2024இலிருந்து அது வந்திருக்கிறது. (டெலிகிராம் க்ரூப்புகளிலும் இல்லை, இந்த ஒரு விஷயத்தில் வாட்ஸப்தான் மேல்.) வயதை நிரூபிக்க அடையாள அட்டை கொடுத்தவர்களில் சுமார் 70,000 பேருடைய அட்டைப் படங்கள் வெளியார் நிறுவனம் ஒன்றின் வழியாகக் கசிந்திருக்கலாம் என்று 2025 அக்டோபரில் டிஸ்கார்டே அறிவித்தது. அதனால் அங்கே பட்டப்பெயரோடு இருங்கள், கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாத எதையும் கொடுக்காதீர்கள்.

இன்னொரு குறையை நான் பெரிதாக நினைக்கிறேன். டிஸ்கார்டுக்குள் எழுதியது கூகுளில் வராது. நாலு வருடம் பல பேர் எழுதிய நுணுக்கங்கள், படத்தோடு போட்ட விளக்கங்கள் எல்லாம் அந்தச் சுவருக்குள்ளேயே கிடக்கும், சர்வர் போனால் அதோடு போகும், மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ள அதிகாரபூர்வ வழியும் இல்லை. டெலிகிராமின் கணினிச் செயலியில் முழுப் பேச்சையும் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். டிஸ்கார்டில் 2022இல் வந்த ஃபோரம் சேனல், கேள்விக்கு ஒரு தலைப்பு என்று பிரித்து வைப்பதால், உள்ளே இருப்பவர்களுக்காவது பழைய பதில் கிடைக்கிறது. டிஸ்கார்டில் ஆரம்பிக்கிறவர்கள் அதைக் கட்டாயம் போடுங்கள். அதே சமயம் முதல் நாளே இருபது சேனல் திறக்காதீர்கள். வருகிறவருக்கு வெறிச்சோடிய அறைகளைப் பார்த்தால் இங்கே யாரும் இல்லை என்று தோன்றிவிடும். வரவேற்பு, பொது அரட்டை, கேள்வி, ஒரு குரல் அறை, இவ்வளவு போதும், பேச்சு பொங்கி வழியும்போது இன்னொன்று திறக்கலாம்.

பழையதைச் சேர்த்து வைக்க இடம் இல்லாத இந்தக் கிடங்குப் பிரச்சினை எல்லாருக்கும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பறவைக்காரர்களுக்கு இபேர்ட் என்ற இணையதளம் இருக்கிறது, பார்த்த பறவை, இடம், எண்ணிக்கை எல்லாம் அங்கே ஏறிவிடுகிறது. 2015 முதல் வருடா வருடம் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் எண்ணிக்கை இபேர்டுக்குத்தான் போகிறது, வாட்ஸப்பில் நடப்பது யார் எந்தக் குளத்துக்குப் போவது என்ற பேச்சுதான். பேச்சு அழிந்தாலும் கணக்கு நிற்கும். சதுரங்கக்காரர்களுக்கு லிச்செஸ் என்ற இணையதளத்தில் ஆட்டங்கள் பதிவாகின்றன. இப்படி வெளியே கிடங்கு இருக்கிற பொழுதுபோக்கு என்றால் அரட்டைச் செயலியிடம் நினைவாற்றலை எதிர்பார்க்க வேண்டியதில்லை, சுலபமானதை எடுத்துக்கொள்ளலாம். தோட்டம், பேனா சேகரிப்பு, பழைய ரேடியோ பழுதுபார்ப்பது போன்றவற்றில் பேச்சுதான் அறிவு. அங்கே தேட முடிகிற இடமாகப் பார்த்துப் போக வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்லாக் பக்கம் போகாதீர்கள், இலவசக் கணக்கில் 90 நாளுக்கு முந்தைய பேச்சு மறைந்துவிடும், அலுவலகங்களுக்காகச் செய்தது அது. ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறை 1988இல் ஃபின்லாந்தில் பிறந்தது, இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் புதியவர்களை அங்கே அழைத்துவருவது பெரும்பாடு. மேட்ரிக்ஸ் கொள்கை அளவில் எனக்கு மிகவும் பிடித்தது: யாருடைய கம்பெனிக்கும் கட்டுப்படாமல் நாமே சர்வர் வைத்துக்கொள்ளலாம், வேறு சர்வரில் இருப்பவரோடும் பேசலாம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைச் செய்கிற மொஸில்லா 2020இல் தன் ஐஆர்சியை மூடிவிட்டு அங்கேதான் போனது. கட்டற்ற மென்பொருள் குழு என்றால் தயங்காமல் போகலாம். மற்றவர்களுக்கு சர்வர் பராமரிப்பு என்ற வேலை தலையில் ஏறும், இந்தியாவில் 2023 மே மாதம் முடக்கப்பட்ட 14 செயலிகளின் பட்டியலில் மேட்ரிக்ஸின் முக்கியச் செயலியான எலிமென்ட்டும் இருந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். முடக்கம் எல்லாருக்கும் வரலாம்தான், டிஸ்கார்டையே 2024 அக்டோபரில் ரஷ்யாவும் துருக்கியும் அடைத்தன.

என்னிடம் யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். சேர்ந்து ஆடுகிறவர்கள், ஆடும்போது பேச வேண்டியவர்கள், டிஸ்கார்டுக்குப் போங்கள், யோசிக்கவே வேண்டாம். ஊரில் நேரில் சந்திக்கிற ஐம்பது அறுபது பேர், பல வயதினர், எல்லாரும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள் என்றால் வாட்ஸப்பிலேயே இருங்கள். அறிமுகமில்லாதவர்களுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும், கேட்ட கேள்விக்கான பதில் அடுத்த வருடமும் கிடைக்க வேண்டும், ஆனால் டிஸ்கார்டைக் கற்றுக்கொடுக்கப் பொறுமை இல்லை என்றால் டாபிக்ஸ் போட்ட டெலிகிராம். அதில் சேர்ந்த அன்றே கிரிப்டோ விளம்பரமும் அட்மின் பெயரில் போலிக் கணக்குகளும் வரும், ஒரு தடுப்பு பாட்டை முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாட்ஸப்பில் பெருத்துவிட்ட குழுவை மாற்ற நினைப்பவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் கிளப்பப் பார்க்காதீர்கள், பாதிப்பேர் வரமாட்டார்கள். ஒரே ஒரு வேலையை மட்டும் புது இடத்துக்கு மாற்றுங்கள். எங்கள் பக்கத்தில் 'இது என்ன பறவை' கேள்விகளை மட்டும் டெலிகிராமுக்கு நகர்த்தினோம், ஞாயிறு நடைக்கான பேச்சு வாட்ஸப்பிலேயே நடக்கிறது. வாட்ஸப்பில் யாராவது படம் போட்டால் திட்டாமல் அதை எடுத்து அங்கே போட்டு, வந்த பதிலின் லிங்க்கை இங்கே கொடுப்போம். பதில் அங்கே சீக்கிரம் வருகிறது என்று தெரிந்ததும் அவர்களாகவே வந்துவிட்டார்கள், அந்த ஓய்வு பெற்ற மேலாளர் உட்பட. இப்போது அங்கே அதிகம் பதில் சொல்பவர் அவர்தான்.

கடைசியாக, எங்கே ஆரம்பித்தாலும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய ஒன்று. டிஸ்கார்ட் சர்வருக்கும் டெலிகிராம் க்ரூப்புக்கும் உரிமையாளர் ஒருவர்தான், அவர் கணக்கு திருடுபோனால் மொத்தக் கூட்டமும் போகும். அவர் இரண்டடுக்குப் பாதுகாப்புப் போட்டே ஆக வேண்டும், வேலை மாறி ஆர்வம் குறையும்போது இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கவும் வேண்டும். டெலிகிராமில் அந்த இரண்டாம் அடுக்குக் கடவுச்சொல்லைப் போட்டு ஏழு நாள் ஆனால்தான் உரிமையை மாற்ற விடும், அவசரத்தில் நடக்காது. நம்பகமான இன்னும் இரண்டு அட்மின்களை இப்போதே போட்டுவிடுங்கள், அதில் ஒருவராவது வேறு ஊரில் இருக்கட்டும், வெள்ளம் வந்து ஓர் ஊரே இருட்டில் கிடக்கும்போது கதவைத் திறந்து வைக்க ஆள் வேண்டும்.